தாளம் சேர்த்த வகுப்பறை

ஒரு வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருப்பர். ஒரே கூரையின் கீழ் இருத்தலினால் மட்டும் அவர்கள் ஒரு குழுவாகிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டை நோக்கித் தனித்தே கற்பர். இத்தனிமையைத் தாளத்தினாலும் உடலசைவினாலும் போக்கலாம் எனக் கண்டவர்களுள் ஒருவர், சுவிற்சர்லாந்து நாட்டின் இசையாசிரியரான எமில் ஜாக் டல்குரோஸ்.

டல்குரோஸ் 1865 ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் பிறந்தார், பெற்றோர் சுவிற்சர்லாந்தினர். 1892 இல் அவர் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவர் கண்ட காட்சி வியப்பையும் கவலையையும் ஒருங்கே அளித்தது. மாணவர் இசை விதிகளைப் பிழையின்றி ஒப்புவித்தனர். தாளில் எழுதிய விடைகளும் சரியாகவே இருந்தன. ஆயினும், தாம் எழுதிய சுரங்களை அவர்தம் உள்ளம் கேட்கவில்லை. வாத்தியத்தின் முன் அமர்ந்தால் காலப்பிரமாணம் தடுமாறியது. ஆனால், அதே மாணவர் வீதியில் நடக்கையில் அவர்தம் காலடிகள் சீராக விழுந்தன. எனவே, குறை அறிவில் இல்லை. அறிந்ததை உடல் உணராமையே குறை என அவர் துணிந்தார்.

மேசைகள் அகற்றப்பட்டன. மாணவர் எழுந்து நடந்தனர். ஆசிரியர் பியானோவில் வாசிக்க, ஒரு மாத்திரைச் சுரத்துக்கு நடையும், அரை மாத்திரைச் சுரத்துக்கு ஓட்டமும், நீண்ட சுரத்துக்கு நிதானமான அடியும் உரியவாயின. கைகள் தாளத்தைக் காட்ட, கால்கள் பாடலின் லயத்தை மிதித்தன. வாசிப்பு விரைந்தால் வகுப்பும் விரையும். அது தணிந்தால் வகுப்பும் தணியும். எதிர்பாராத வேளையில் ஆசிரியர் ஒரு குறிச்சொல் கூறுவார். அக்கணமே நடந்தோர் நிற்க வேண்டும், அல்லது அசைவை மாற்ற வேண்டும். நகரும் ஆற்றலைப் போலவே நிற்கும் ஆற்றலும் கல்வியே என்பது அவர் கொள்கை.

இப்பயிற்சியில் எவரும் தனித்து வெற்றி பெறுதல் இயலாது. அறையின் பரப்பை அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அயலவன் அடியை அறிந்து தன் அடியை அளக்க வேண்டும். ஆகவே, இசை கற்கப் புகுந்த மாணவர் ஒருவரையொருவர் கவனிக்கவும் கற்றனர்.

1910 இல் டல்குரோஸ் ஜேர்மனிக்கு அழைக்கப்பட்டார். ட்ரெஸ்டன் நகருக்கு அண்மையில், தளபாடத் தொழிலதிபர் கார்ல் ஷ்மிட் முயற்சியால் ஹெலெராவ் என்னும் தோட்ட நகரம் உருவாகிக்கொண்டிருந்தது. வொல்ஃப் டோர்ன் என்பவரின் ஊக்கத்தால், கட்டடக் கலைஞர் டெசெனோ வடிவமைத்த பெரிய பயிற்சி மண்டபம் அங்கு எழுந்தது. தொழிலும் வாழ்வும் கலையும் பிரியாத ஒரு சமூகத்தைத் தாளக் கல்வியினால் ஆக்கலாம் என்பதே அன்னாரின் கனவு. 1912 இலும் 1913 இலும் நிகழ்ந்த விழாக்களைக் காண ஐரோப்பாவெங்கணுமிருந்து அறிஞர் வந்தனர். பேர்னாட் ஷாவும் அவர்களுள் ஒருவர்.

அக்கனவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரப் பேராலயம் ஜேர்மன் பீரங்கிகளுக்கு இலக்காயிற்று. அச்செயலைக் கண்டித்து ஜெனீவாவில் எழுந்த அறிக்கையில் டல்குரோஸும் ஒப்பமிட்டார். ஜேர்மனியில் அவர்மீது கடுஞ்சினம் மூண்டது. ஹெலெராவில் அவர் பணி முடிவுற்றது. 1915 இல் ஜெனீவாவில் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1950 இல் அந்நகரிலேயே மறைந்தார்.

ஹெலெராவ் மண்டபத்தின் பிற்காலக் கதை சிந்தனைக்குரியது. நாட்சி ஆட்சியில் அவ்வளாகம் பொலிஸ் பயிற்சிக்குரியதாயிற்று. 1945 இன் பின் சோவியத் படையினரின் பாசறையாயிற்று. இசைக்கேற்ப அடிகள் ஒலித்த இடத்தில் கட்டளைக்கேற்ப அடிகள் ஒலித்தன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்த அசைவுகளே. ஆயின், உள்ளியல்பில் அவை வேறானவை. அணிவகுப்பில் ஒருவன் கட்டளைக்குப் பணிகிறான். அவன் சிந்தனைக்கு அங்கு இடமில்லை. டல்குரோஸின் வகுப்பிலோ, ஒவ்வொரு மாணவனும் தானே கேட்டு, தானே உணர்ந்து, பின்னரே பிறரோடு இணைகிறான். கேட்டலின்றிப் பிறக்கும் ஒற்றுமை படையை ஆக்கும். கேட்டலிற் பிறக்கும் ஒற்றுமையே வகுப்பை ஆக்கும்.

சோவியத் படையினர் வெளியேறிய பின்னர் அம்மண்டபம் புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் கலைகளுக்கு உரியதாயிற்று. ஜெனீவாவில் அவர் தொடங்கிய நிறுவனமும் அவர் முறையைத் தொடர்ந்து கற்பித்து வருகின்றது. பிள்ளைகளை ஒன்றாக நடக்கச் செய்தல் எளிது. நடக்கும்போதே ஒருவரையொருவர் கேட்கச் செய்தல் அரிது. அவ்வரிய பணிக்கே அவ்வாசிரியர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.