ஓடுதா, செத்துப்போச்சா?

டெர்மினலில் 40 ஜிகாபைட் கோப்பு ஒன்றை நகலெடுக்கச் சொல்லிக் கட்டளையைத் தட்டிவிட்டால் திரையில் ஒன்றுமே நடக்காது. சுட்டி அடுத்த வரியில் வந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே நிற்கும். வேலை முடிந்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லுமா என்றால் அதுவும் கிடையாது; அடுத்த கட்டளைக்கான குறி வரும், அவ்ளோதான். புதிதாக லினக்ஸ் பழகுகிற யாருக்கும் வருகிற முதல் பயம் இது. ஓடுதா, செத்துப்போச்சா?

இதைப் பொறியாளர்களின் திமிர் என்று சொல்லிவிடுவது சுலபம். பழைய கதையைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைக் கட்டத் தொடங்கியபோது அவர்கள் பெரும்பாலும் திரையை நம்பி வேலை செய்யவில்லை. டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு யந்திரம் இருந்தது. கணினி சொல்வதையெல்லாம் அது காகிதச் சுருளில் அடிக்கும். வேகம் விநாடிக்கு 10 எழுத்து. சத்தமோ காதைப் பிளக்கும். இந்தப் பத்தி நீளத்துக்கு ஏதாவது சொல்ல நினைத்தால் நீங்கள் ஒரு நிமிடம் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், காகிதமும் செலவு. அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற நிரல்தான் மரியாதை தெரிந்த நிரல்.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. டக்ளஸ் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பைப் என்னும் குழாய் வசதி 1973-இல் யூனிக்ஸுக்குள் நுழைந்தது. ஒரு நிரலின் வெளியீடு நேராக அடுத்த நிரலின் வாய்க்குள் போகும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் நிரல் நடுவில் "பாதி முடிஞ்சிருச்சு" என்று எழுதினால், அடுத்த நிரல் அதையும் ஒரு பெயராகவே எடுத்துக்கொள்ளும். படிக்கிறவர் மனிதரா இன்னொரு நிரலா என்று தெரியாத இடத்தில் வாயைத் திறக்காமலிருப்பதுதான் பாதுகாப்பு.

இதற்கான மாற்றுவழி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோப்பு யந்திரம் ஒன்று இருந்தது. கட்டுரையை அனுப்பினால் ஒளிப்படத் தாளில் அழகாக எழுத்துக் கோத்துத் தரும். சிலமுறை கட்டுரைக்குப் பதிலாக ஒரேயொரு பிழைச்செய்தி வந்தது, அதுவும் அருமையாக அச்சுக் கோக்கப்பட்டு! பிழைச்செய்தியும் கட்டுரையும் ஒரே வழியில் போனதால் வந்த கூத்து. அதன்பிறகுதான் நிரலுக்கு இரண்டாவது வாய் ஒன்று வைத்தார்கள். முதல் வாய் வழியாக வேலையின் விளைவு. 'ஸ்டாண்டர்ட் எரர்' என்ற இரண்டாவது வாய் வழியாக மனிதரிடம் சொல்ல வேண்டியவை. இன்று டெர்மினலில் நாம் பார்க்கும் முன்னேற்றப் பட்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பின்வாசல் வழியாகத்தான் வருகின்றன.

திரை வந்ததும் பழைய டெலிடைப்பின் ஓர் அசைவுக்குப் புது வேலை கிடைத்தது. டெலிடைப்பில் வரியின் தொடக்கத்துக்குத் தலையைத் திருப்புவது ஒரு கட்டளை, காகிதத்தை ஒரு வரி ஏற்றுவது தனிக் கட்டளை. முதலாவதை மட்டும் அனுப்பினால் அடித்த எழுத்தின் மேலேயே மறுபடி அடிக்கும்; காகிதத்தில் அது வெறும் மைக்கறை. திரையிலோ பழைய எழுத்து மறைந்து புதியது உட்காரும். 41 சதவிகிதம் இருந்த இடத்தில் 42. டெர்மினலில் நகரும் எளிய பட்டைகள் எல்லாமே இந்தத் தந்திரம்தான்.

ஆனாலும் தயக்கம் போகவில்லை. பழைய எஃப்டிபி நிரலில் 'ஹாஷ்' என்று கேட்டால்தான் 1024 பைட்டுக்கு ஒரு # போடும். கேட்காவிட்டால் மௌனம். 1996-இல் வந்த டபிள்யூகெட், ஒரு கிலோபைட்டுக்கு ஒரு புள்ளி வைத்துக் கோலத்துக்குப் புள்ளி இட்டதுபோல் வரிவரியாக நிரப்பியது.

மௌனம் உண்மையிலேயே ஆளைக் கவிழ்த்த இடம் 'டிடி'. வட்டு முழுவதையும் பைட் பைட்டாக நகலெடுக்கும் நிரல் இது. மணிக்கணக்காக ஓடும், வாயே திறக்காது. எங்கே இருக்கிறாய் என்று கேட்க லினக்ஸில் ஒரு வழி இருந்தது: இன்னொரு டெர்மினலைத் திறந்து 'கில்' கட்டளையால் யூஎஸ்ஆர்1 என்ற சமிக்ஞையை அனுப்ப வேண்டும். நலம் விசாரிக்கும் கட்டளையின் பெயரே 'கொல்' என்றிருப்பதைப் பாருங்கள். அதைவிட மோசம், அதே சமிக்ஞையை மேக் கணினியின் டிடிக்கு அனுப்பினால் அது நிஜமாகவே செத்துவிடும். அங்கே கேட்க வேண்டிய முறை கன்ட்ரோல்-டி, டாப்ஸ்-20 காலத்துப் பழக்கம். மூன்று மணி நேர வேலையை "எவ்ளோ ஆச்சு?" என்ற ஒரு கேள்வியால் கொன்றுவிட முடியும் என்பதை வடிவமைப்பின் தோல்வி என்றுதான் சொல்வேன். குனூ டிடி தானாக முன்னேற்றம் சொல்லும் தெரிவைப் பெற்றது 2015-இல், கோர்யூட்டில்ஸ் 8.24 பதிப்பில். யூனிக்ஸுக்கு அப்போது வயது 46.

ஆனால் மனிதர்களுக்கு இது தேவை என்று நிரூபணமாகி அதற்குள் முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பிராட் மையர்ஸ், 48 மாணவர்களைத் தரவுத்தளத்தில் தேடச் சொன்னார், பட்டையோடும் பட்டையில்லாமலும். 86 சதவிகிதம் பேருக்குப் பட்டை பிடித்திருந்தது. அது துல்லியமாக இல்லாததை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 99-இல் வந்து அரைமணி நேரம் நிற்கும் பட்டையைத் திட்டுகிறோம், ஆனாலும் அது இல்லாத திரையைவிட அதுவே மேல் என்கிறோம். 2010-இல் கிறிஸ் ஹாரிசன் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். பட்டைக்குள் பின்னோக்கி நகரும் வரிகளை வரைந்தால் அதே நேரம் 11 சதவிகிதம் குறைவாகத் தோன்றுகிறதாம். அந்த இடத்தில் முன்னேற்றம் சொல்வது கைவிட்டுப்போய், ஆறுதல் சொல்வது மட்டும் மிஞ்சுகிறது. டிடியின் மௌனத்தில் பொய்யாவது இல்லை.

பேசுவதற்கும் விலை உண்டு. 2016 ஜனவரியில் என்பிஎம் பயனர் ஒருவர் பட்டையை அணைத்துப் பார்த்தார். நிறுவல் கிட்டத்தட்டப் பாதி நேரத்தில் முடிந்தது. வேலைக்கு ஆன அளவுக்கு ஏறக்குறைய வேலையைப் பற்றிய பேச்சுக்கும் நேரம் போயிருக்கிறது. (நம் ஊர்க் கூட்டங்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) பைத்தான்காரர்கள் பயன்படுத்தும் டிக்யூடிஎம் இதில் கவனமானது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 60 நானோவிநாடிதான் எடுத்துக்கொள்வதாக அதை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெயர் முன்னேற்றம் என்ற பொருள்தரும் 'தகத்தும்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'உன்னை மிக அதிகமாக நேசிக்கிறேன்' என்ற ஸ்பானிய வாக்கியத்தின் சுருக்கமும் அதுவே என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நல்ல நிரல் பட்டை வரையும் முன் ஒன்றை விசாரிக்கும்: என் வெளியீடு போகிற இடம் டெர்மினலா, கோப்பா? இதற்கென்றே ஒரு செயற்கூறு யூனிக்ஸில் உண்டு. பெயரில் உள்ள 'டிடிஒய்' இன்னும் அந்தப் பழைய டெலிடைப்பையே குறிக்கிறது. டெர்மினல் என்றால் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு டபிள்யூகெட் நகரும் பட்டையைக் காட்டும். இரவு இரண்டு மணிக்கு யாருமில்லாத சர்வரில், பதிவுக்கோப்புக்குள் எழுதுகிறது என்றால் பட்டையை மடித்து வைத்துவிட்டு, பழையபடி புள்ளி வைக்க ஆரம்பித்துவிடும்.