கேக்டஸ் குடும்பம்: வகைகளும் வரலாறும்

கேக்டேசி என்னும் பூக்கும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளுக்குக் கேக்டஸ் என்பது பொதுப்பெயர். இக்குடும்பத்தில் ஏறத்தாழ 1,750 இனங்கள் உள்ளன. கனடா முதல் தென்னமெரிக்காவின் பட்டகோனியா வரை பரவியிருக்கும் இவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. ரிப்சாலிஸ் பேசிஃபெரா என்ற ஓர் இனம் மட்டும் இதற்கு விலக்கு. மரக்கிளைகளில் தொற்றி வாழும் முள்ளற்ற இச்செடி ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களிலும் இயற்கையாக வளர்கிறது.

இனங்காணும் அடையாளம்

முள்ளும் சதைப்பற்றும் இருப்பதால் மட்டும் ஒரு செடி கேக்டஸ் ஆகிவிடாது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் வளரும் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த யூஃபோர்பியாக்கள். அவற்றை ஒடித்தால் பால் வடியும். பெரும்பாலான கேக்டஸ்களில் பால் இல்லை. எனினும் மம்மில்லேரியா பேரினத்தின் சில இனங்களில் இருப்பதால் பாலை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஐயமற்ற அடையாளம் ஏரியோல். தண்டின் மேல் பஞ்சு படிந்த சிறு மேடாகத் தெரியும் இது, உண்மையில் மிகவும் குறுகிப்போன ஒரு கிளை. முட்கள் கொத்தாக இதிலிருந்தே எழுகின்றன. பூவும் புதுக் கிளையும் தோன்றுவதும் பெரும்பாலும் இங்கேதான். முள்ளே இல்லாத கேக்டஸ் உண்டு. ஏரியோல் இல்லாத கேக்டஸ் இல்லை.

முட்கள் உருமாறிய இலைகள் என்பதால் உணவு தயாரிக்கும் வேலை பெரும்பாலும் தண்டுக்கு வந்துவிட்டது. பெரும்பாலான இனங்கள் தண்டிலுள்ள நுண்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்தச் சேமிப்பிலிருந்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வெயில் நேரத்தில் நீர் வீணாவது இதனால் பெருமளவு குறைகிறது.

முதன்மை வகைகள்

இக்குடும்பம் மரபாக நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்படுகிறது.

பெரெஸ்கியா வகை: அகன்ற இலைகளும் கட்டையான தண்டும் உடைய புதர்கள், மரங்கள், கொடிகள். முதல் பார்வையில் கேக்டஸ் என்றே தோன்றாது. இலைக் கோணத்தில் இருக்கும் ஏரியோல்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒபன்ஷியா வகை: தட்டையான அல்லது உருளையான கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளரும். பெரிய முட்களோடு, தொட்டவுடன் தோலில் ஏறிக்கொள்ளும் நுண்ணிய கொக்கிமுட்களும் இருக்கும். இளங்கணுக்களில் சிற்றிலைகள் தோன்றி விரைவில் உதிரும். சப்பாத்திக்கள்ளி இவ்வகையினது.

மைவேனியா வகை: பட்டகோனியாப் பகுதியில் மெத்தைபோலப் படர்ந்து வளரும் இரண்டே இனங்கள் கொண்டது.

கேக்டாய்டியே வகை: பெரும்பாலான இனங்கள் இதிலேயே அடங்கும். தூண், உருண்டை, தொற்றுச்செடி என இதன் வடிவங்கள் வியப்பூட்டுபவை. சொனோரன் பாலைவனத்தின் சகுவாரோ 12 மீட்டருக்கு மேல் உயர்ந்து 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. மழை பெய்ததும் அதன் தண்டின் மடிப்புகள் விரிந்து நீரைத் தேக்குகின்றன. தென்னமெரிக்காவின் பிளாஸ்ஃபெல்டியா ஒரு சென்டிமீட்டர் அகலத்தைச் சற்றே எட்டுகிறது. மெலோகேக்டஸ் முதிர்ந்ததும் அதன் உச்சியில் கம்பளித் தொப்பி போன்ற பகுதி உருவாகி, பூக்கள் அதிலிருந்து மட்டுமே வருகின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் பிரம்மகமலம் என்ற பெயரில் வளர்க்கப்பட்டு இரவில் மலரும் எபிஃபில்லமும், டிராகன் பழம் தரும் கொடியும் இவ்வகையைச் சேர்ந்த வெப்பமண்டலக் காட்டுச் செடிகள்.

வகைப்பாட்டின் வரலாறு

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாம் அறிந்த 22 இனங்களையும் கேக்டஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். அடுத்த ஆண்டே ஃபிலிப் மில்லர் அதைப் பலவாகப் பிரித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் மெக்சிகோவிலிருந்து செடிகளைக் குவித்தபோது பெயர்களும் பெருகிக் குழம்பின. பிரிட்டன், ரோஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர்கள் செடிகள் வளரும் இடங்களுக்கே சென்று ஆராய்ந்து, 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக ஒரு பெருநூலை வெளியிட்டனர். வடிவத்தின் சிறு வேறுபாட்டுக்கும் தனிப் பேரினம் வகுத்த ஜெர்மானியர் பாக்கபெர்க், பேரினங்களின் எண்ணிக்கையை 200க்கு மேல் கொண்டுபோனார். அவற்றுள் பல பின்னர் ஏற்கப்படவில்லை.

மரபணு ஆய்வு இந்தச் சிக்கலின் காரணத்தை விளக்கியது. தூண் வடிவமும் உருண்டை வடிவமும் வெவ்வேறு கிளைமரபுகளில் தனித்தனியே பலமுறை தோன்றியுள்ளன. எனவே தோற்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. ஒரே குழுவாக எண்ணப்பட்ட பெரெஸ்கியாக்கள் இருவேறு மரபுகள் என்பது 2005இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. அவற்றுள் ஒரு பிரிவு 2013இல் லூயன்பெர்கேரியா என்ற தனிப் பேரினமானது.

தென்னிந்தியாவில் ஒபன்ஷியா

மெக்சிகோவில் ஒபன்ஷியாவில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து விலைமதிப்புள்ள சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. அத்தொழிலை இந்தியாவில் தொடங்க விரும்பிய ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் ஒபன்ஷியாத் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்துசேர்ந்தது. ஆனால் அது நல்ல சாயம் தரும் இனமன்று. தரம் குறைந்த வேறோர் இனம்.

சாயத்துக்கு உதவாத அப்பூச்சி, களையாகப் பரவிய ஒபன்ஷியா மோனகேந்தாவைத் தின்று அழித்தது. இதைக் கண்டு 1836 முதல் 1838 வரை அது தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பூச்சியைக் கொண்டு களையை ஒடுக்கிய உலகின் முதல் முயற்சிகளில் இது ஒன்று. ஆயினும் சப்பாத்திக்கள்ளியை அப்பூச்சி அண்டவில்லை. அதற்கேற்ற வேறொரு பூச்சியினம் 1926இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட பிறகே முட்புதர் மண்டிய நிலங்கள் மீண்டன. மனிதர் ஒன்றெனக் கண்ட செடிகளையும் பூச்சிகளையும் சரியாகப் பிரித்தறிந்ததே அந்த வெற்றிக்கு அடிப்படை.

இன்றைய நிலை

2015இல் 1,478 இனங்களை மதிப்பிட்ட பன்னாட்டு ஆய்வு, அவற்றுள் 31 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாகக் கண்டது. வேளாண்மைக்கு நிலம் மாற்றப்படுவதும், அலங்காரத்துக்காகவும் சேகரிப்புக்காகவும் செடிகளைப் பிடுங்குவதும் முக்கியக் காரணங்கள். உலகெங்கும் நாற்றுப்பண்ணைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் முள் உருண்டைக் கேக்டஸ், தன் தாயகமான மெக்சிகோவில் அணைக்கட்டாலும் திருட்டாலும் அரிதாகிவிட்டது. ஏறத்தாழ எல்லாக் கேக்டஸ்களின் பன்னாட்டு வணிகத்தையும் சைட்டிஸ் உடன்பாடு கட்டுப்படுத்துகிறது. தொட்டியில் வளர்ந்ததையும் காட்டில் பிடுங்கியதையும், ஓர் இனத்தையும் அதுபோலத் தோன்றும் இன்னொன்றையும் வேறுபடுத்திக் காணக்கூடியவர்கள் இருக்கும் வரைதான் அந்த உடன்பாடு பயன்படும். அதனால் கேக்டஸ் வகைகளைப் பற்றிய அறிவு அவற்றின் பாதுகாப்புக்கே இன்றியமையாதது.