கல்லறைத் தோட்டத்துச் சுவர்: சாதியோடு ஒத்துப்போதலும் நித்திய ஜீவ நம்பிக்கையும்

தென்பெண்ணைக் கரையில் தை மாத ஆற்றுத் திருவிழாவால் பெயர்பெற்ற மணலூர்பேட்டையும், அதே ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே அமைந்த திருக்கோவிலூரும், தென்மேற்கே எழும் கல்வராயன் மலையும் சேர்ந்த இவ்வட்டாரத்தில் லுத்தரன் திருச்சபை வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு பெரும் பூசல் இருந்தது. திருச்சபைக்குள் சாதிக்கு இடமுண்டா என்பதே அப்பூசல். ஒரு மிஷனரி தம் சங்கத்தை விட்டு விலகியதும், டேனிஷ் மிஷன் தென்னார்க்காட்டில் கால்பதித்ததும் அதன் விளைவுகளே. உலகத்தோடு ஒத்துப்போதல், மனந்திரும்புதல், நித்திய ஜீவன் என்னும் மூன்று கிறிஸ்தவக் கருத்துகளையும் இந்த மண்ணின் வரலாற்றோடு வைத்துப் பார்க்க இடமளிப்பது அந்நிகழ்ச்சி.

மனந்திரும்புதல் என்பது செய்த பாவத்துக்காக வருந்துவதோடு முடிவதன்று. நடக்கும் வழியை விட்டு மறுவழியில் கால்வைப்பதையும் அது உள்ளடக்கும். 1517இல் லுத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பதைப் பற்றியது. திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் தரப்பார் சிலர் வந்ததும் பந்தியை விட்டு ஒதுங்கினார் என்றும், அவரைத் தாம் முகத்துக்கு நேரே எதிர்த்ததாகவும் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பதிவு செய்கிறார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுதலிக்கவில்லை. எழுந்து வேறிடத்தில் அமர்ந்தார், அவ்வளவே. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறான நடத்தையாகப் பவுல் அதைக் கண்டார் என்பது தமிழ்த் திருச்சபையின் வரலாற்றை வாசிப்போர் மறக்கக் கூடாத செய்தி.

1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளூட்சோவும் தொடங்கிய மிஷனின் சபைகளில், காலப்போக்கில், உயர்சாதியார் ஓரிடத்திலும் ஒடுக்கப்பட்டோர் மற்றோரிடத்திலும் அமர்வதும், திருவிருந்துப் பாத்திரம் முன்னவரிடம் முதலில் செல்வதும் வழக்கமாயின. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்து, சபைக்குள் சாதி வேற்றுமையைத் தயக்கமின்றி ஒழிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டார். அதற்கு முன்பே இத்தகைய நெருக்கடிகளை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அன்னியர் தம் நாட்டு வழக்கங்களை ஒரு சொல்லால் துடைத்தெறிய முனைகின்றனர் என்ற அவருடைய மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் குறையைச் சாதிக்கு அரணாக்கியதில்தான் அந்தப் பெரும்புலவர் சறுக்கினார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக ஒடுக்கப்பட்டோர் சமைத்த உணவை உண்ண வேண்டும் என்னும் கடுமையான நிலைப்பாட்டை எடுத்தது. அந்தியோகியாவின் பந்தி சென்னையில் மீண்டும் விரிக்கப்பட்டது எனலாம்.

இந்நிலைப்பாட்டுக்கு உடன்படாமல் விலகி நின்றோர் ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனைச் சேர்ந்தோர். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழகத்தில் தங்கித் தமிழ் பயின்று, 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட அறிஞர். சாதி என்பது குடிமைச் சமூக ஏற்பாடே என்றும், சுவிசேஷம் அதை மெல்ல உள்ளிருந்தே கரைக்கும் என்றும் அவர் கருதினார். பிறப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொன்ன நூலை மொழிபெயர்த்தவர் இந்த முடிவுக்கு வந்தது வியப்புக்குரியது. அதே மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ் இதனை ஏற்காமல் 1850களின் இறுதியில் விலகி, 1861இல் பண்ருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை அமைத்தார். 1821இல் டென்மார்க்கில் தோன்றியிருந்த டேனிஷ் மிஷன் சங்கம் 1860களில் அவரைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அப்பத்தாண்டின் முடிவில் திருக்கோவிலூரில் சீலோவாம் நிலையம் எழுந்தது. பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது இந்த மரபே.

ஆயினும் ஓக்ஸின் வெளியேற்றத்தை ஒரு வெற்றிக் கதையாக்குவது மிகை. இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே இத்திருச்சபையில் சேர்ந்தமையால், பல சாதியார் ஒரே பந்தியில் அமரும் சோதனை பல ஊர்களில் எழவேயில்லை. எழாத சோதனையில் தேறியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

கத்தோலிக்கத் தரப்பில் இக்கதை இன்னும் பழையது. 1606இல் மதுரை வந்த ராபர்ட் டி நொபிலிக்குப் பின், உயர்சாதியாரிடம் ஒரு வகைக் குருக்களும், 1640 முதல் ஏனையோரிடமும் ஒடுக்கப்பட்டோரிடமும் பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்களும் பணியாற்றினர். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், குருக்கள் ஒடுக்கப்பட்டோரின் இல்லங்களுக்குள்ளும் சென்று நோயாளிக்குத் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் எனப் பணித்தபோது, அதற்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவதே தீர்வாகக் கொள்ளப்பட்டது. ஆணைக்கும் அடங்கி, வழக்கத்தையும் காத்த சாமர்த்தியம் அது. அதன் பலன் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே வெளிப்பட்டது. உளுந்தூர்பேட்டையை அடுத்த எறையூர் பங்கில் தலித் கிறிஸ்தவர்களின் பிணவண்டி தனி, பிணம் செல்லும் வழி தனி, கல்லறை தனி என்றிருந்த நிலையில், அவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினர்; 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர்.

எறையூர்ப் பூசலில் சாவும் அடக்கமும் இத்துணை இடம்பெறுவது தற்செயலன்று. உலகத்தோடு ஒத்துப்போதல் உயிரோடிருப்போரிடையே பிழைப்புக்காக என்று சமாதானம் சொல்லப்படலாம். இறந்தவரிடம் அந்தச் சமாதானம் செல்லாது. சரீர உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிப்பதாக ஞாயிறுதோறும் சபை அறிக்கையிடுகிறது. கத்தோலிக்கர் இன்று நிலைவாழ்வு என வழங்கும் அந்த நித்திய ஜீவன், யோவானின் சுவிசேஷப்படி, விசுவாசிப்பவனிடம் இப்போதே தொடங்கிவிடுவது. மரணத்துக்குப் பின் எங்கோ காத்திருப்பது மட்டுமன்று. கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகையில், அழிவுள்ளதாய் விதைக்கப்படுவது அழியாமையில் எழும் என்கிறார். ஒரே எக்காளத்துக்கு எழப்போகிறவர்களை இடையில் சுவர் வைத்துப் புதைப்பது, அறிக்கையிட்ட வாயையே பொய்யாக்குவதாகும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் இதற்கு நாடறிந்த சான்று. அச்சுவரின் ஒரு பகுதியை 2010இல் இடித்தவர்கள், மறுமையில் நம்பிக்கையே இல்லாத பெரியாரிய அமைப்பினர் என்பதை எந்த மறையுரையாளரும் எளிதில் கடந்துவிட முடியாது.

கத்தோலிக்க மரபு மனந்திரும்புதலை மூன்று செயல்களாகப் பகுக்கும்: உள்ளத் துயர், பாவ அறிக்கை, பரிகாரம். 2003 நவம்பரில் சென்னை-மயிலை, மதுரை, புதுச்சேரி-கடலூர் மறைமாநிலங்களின் ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையேயான சாதி உணர்வை வன்மையாகக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. இன்னொரு அறிக்கை நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையைத் தலித் கிறிஸ்தவர்களுக்கு மறுக்கிறது; சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் அதில் சேர்க்கப்பட்டனர். இவ்வாணையை மாற்றக் கோரித் திருச்சபைகள் கொடுக்கும் மனுக்கள், மதம் மாறிய பின்னும் சாதி ஒழியவில்லை என்றே வாதிடுகின்றன. அவ்வாதம் முற்றிலும் உண்மை. ஆனால் அரசிடம் சொல்லப்படும்போது அது கோரிக்கை. தேவனிடம் சொல்லப்படும்போது அதுவே பாவ அறிக்கை.

மூன்றாவதான பரிகாரத்துக்குச் சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயுவே அளவுகோல். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக அவன் சொன்ன பிறகே, அன்று அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று இயேசு அறிவித்தார். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பங்குகளிலும் குருசேகரங்களிலும் அந்தக் கணக்கு நேர்செய்யப்பட வேண்டிய இடங்கள் எவருக்கும் தெரிந்தவை: பங்குப் பேரவை, தேர்பவனியின் வழித்தடம், மிஷன் பள்ளிகளின் ஆசிரியர் நியமனம், பிணவண்டி, கல்லறைப் பதிவேடு.