ஷாம்பூ பாக்கெட்

ஒருமுறை தலைக்குக் குளிக்கப் போதுமான ஷாம்பூவை அடைத்து, பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கவிட்டு விற்கப்படும் சிறு உறை. வணிக உலகில் 'சாஷே' என்பர். இந்தியச் சந்தைப்படுத்தல் வரலாற்றில் அதிகம் பேசப்படும் வெற்றிகளுள் ஒன்றான இது கடலூரில் பிறந்தது. தந்தை காலத்தில் விலைபோகாத ஒரு யோசனை மகன் காலத்தில் கோடிகளை ஈட்டியது. வணிகத்தில் ஒரு பொருள் எதனால் வெல்கிறது, எதனால் தோற்கிறது என்று ஆராய்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் மருந்துப் பொருள் வணிகம் செய்தவர். வசதியுள்ளவர்கள் பயன்படுத்தும் பொருள்கள் கூலித் தொழிலாளிக்கும் ரிக்‌ஷா ஓட்டுபவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முகப்பவுடரை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று பிரித்து விற்றார். எப்சம் உப்பையும் சிறு பாக்கெட்டுகளில் விற்றார். தூளைப் பொட்டலம் கட்டுவது எந்த மளிகைக்கடைக்கும் தெரிந்த வேலைதான். திரவத்தை ஒழுகாமல் உறையில் அடைப்பதே புதுமை. அதிலும் அவர் இறங்கினார். ஆனால் ஒன்று கைகூடியதும் அடுத்த புதுமைக்குத் தாவிவிடுவார். சரக்கைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது யார், வாங்குபவருக்கு அதைப் பழக்குவது எப்படி என்ற கேள்விகளில் அவர் மனம் செல்லவில்லை. தந்தை பெரிய கண்டுபிடிப்பாளர், ஆனால் விற்கத் தெரியாதவர் என்ற பொருளில் மகன் சி.கே.ரங்கநாதனே பின்னாளில் பேசியிருக்கிறார்.

சின்னி கிருஷ்ணனின் மறைவுக்குப் பிறகு மூத்த மகன்கள் வெல்வெட் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தனர். கருத்து வேறுபாட்டால் குடும்பத் தொழிலிலிருந்து விலகிய ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கினார். தந்தை பெயரின் எழுத்துகளைக் கொண்டு 'சிக்' என்று தன் ஷாம்பூவுக்குப் பெயரிட்டார். அண்ணன்மாரின் வெல்வெட்டோ அப்போது கோத்ரெஜ் நிறுவனத்தின் விற்பனைப் பலத்தோடு சந்தையில் முந்தி நின்றது.

வெல்வெட்டைவிடப் பெரிய போட்டி சீயக்காயும் அரப்பும். தென்னிந்தியக் கிராமங்களில் ஷாம்பூவை எப்படித் தேய்ப்பது என்பதே பலருக்குத் தெரியாது. எனவே சிக் விற்பனையாளர்கள் ஊர் ஊராகப் போய், ஒரு சிறுவனை எல்லோர் முன்னிலையிலும் உட்காரவைத்துத் தலையை அலசிக் காட்டினர். கூடியிருந்தவர்கள் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையே சிக் விளம்பரம் போட்டு, செய்முறையும் காட்டி, போகிறவர்கள் கையில் ஒரு பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் விற்பனை மூன்று, நான்கு மடங்கானது என்பது ரங்கநாதன் தந்த கணக்கு.

அவருடைய மிகக் கூர்மையான உத்தி வேறொன்று. எந்த ஷாம்பூவானாலும் சரி, காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். அந்த ஐந்தில் பெரும்பங்கு போட்டியாளருடையதாகத்தான் இருந்திருக்கும். அதாவது, அடுத்தவர் சிரமப்பட்டு உருவாக்கிய வாடிக்கையாளர்கள் தாமாகவே சிக்கைத் தேடி வந்தனர். பழகிய பிறகு விதி மாறியது: ஐந்தும் சிக் பாக்கெட்டுகளாகவே இருக்க வேண்டும். கடையில் 'ஷாம்பூ கொடுங்க' என்றவர்கள் 'சிக் கொடுங்க' என்று கேட்கத் தொடங்கினர். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது. மல்லிகை, ரோஜா மணங்கள் வந்ததும் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றிய பின் ஒரு கோடி.

இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. நட்சத்திரம் வந்தது கடைசியில். பழக்கம் உருவாகி, கடைகளில் சரம் தொங்கி, மணமும் தனக்கென அமைந்த பிறகு விளம்பரம் அதைப் பெருக்கியது. முதல் மாதமே அமலாவை வைத்துப் படம் எடுத்திருந்தால், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனவருக்குச் சரக்கே கிடைத்திருக்காது. விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டித் தோற்ற நிறுவனங்களில் பல இந்த வரிசையைத் தலைகீழாக்கியவை.

1998இல் நிறுவனம் கவின்கேர் என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டு 50 பைசா பாக்கெட் வந்தது. ஹிந்துஸ்தான் லீவர் போன்ற பெருநிறுவனங்களும் அந்த விலையைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி.கே.பிரகலாத், 2004இல் வெளியிட்ட நூலில், ஏழைகளையும் வாடிக்கையாளர்களாக மதித்து விற்றால் நிறுவனத்துக்கும் லாபம், அவர்களுக்கும் நன்மை என்று வாதிட்டார். சிறு பாக்கெட்டுகள் அவருக்கு முக்கியமான சான்று. அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி இதை மறுத்தார். அளவைக் குறைத்தால் கையில் இருக்கும் காசுக்கு வாங்க முடிகிறது. ஆனால் ஒரு மில்லியின் விலை குறையாதவரை பொருள் மலிவாகிவிடவில்லை என்றார். பொதுவாக அவர் சொன்னது சரிதான். எனினும் இந்திய ஷாம்பூ இதற்கு விதிவிலக்கு. போட்டி முற்றியதால், பல பிராண்டுகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்டில்தான் ஒரு மில்லி மலிவு.

விற்றவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. பாக்கெட்டில் பழகியவர் வருமானம் உயர்ந்ததும் பாட்டிலுக்கு மாறுவார் என்பது நிறுவனங்களின் கணக்கு. கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவி மாறவில்லை. பத்துப் பாக்கெட்டைச் சேர்த்து வாங்கினார். விலையை உயர்த்தவும் வழியில்லை. ஒற்றை நாணயத்துக்குக் கிடைக்கும் பொருளின் விலையில் பத்துப் பைசா ஏற்ற முடியாது. ஏற்றினால் சில்லறை கிடையாது. ஆகவே மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் உறைக்குள் இருக்கும் அளவுதான் சுருங்குகிறது.

பாக்கெட்டின் இன்னொரு விளைவு குப்பை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். கிலோ கணக்கில் சேர்த்தால்தான் காசு என்பதால், பாட்டிலைப் பொறுக்கும் பழைய பொருள் சேகரிப்பவர் இதைத் தொடுவதில்லை. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் குட்கா, பான் மசாலா, புகையிலைக்குப் பிளாஸ்டிக் பாக்கெட் கூடாது என்றன. ஷாம்பூவுக்கு அந்தத் தடை இல்லை. குப்பையைத் திரும்பப் பெறும் பொறுப்பு மட்டும் தயாரிப்பாளர்மீது சுமத்தப்பட்டது. காலிப் பாக்கெட் ஐந்துக்கு ஒன்று இலவசம் என்ற பழைய திட்டத்தில் உறைகள் கடைக்கே திரும்பி வந்தன. அது விற்பனைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.