இருபதாம் வகுப்பு டீசல் ரயில் எஞ்சின் (மலாயா)

மலாயா ரயில்வே 1957 முதல் ஓட்டிய, பிரிட்டனில் செய்யப்பட்ட டீசல்-மின்சார எஞ்சின் வகை. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தயாரிப்பு. மொத்தம் 26 எஞ்சின்கள், 1,500 குதிரைத்திறன், ஆறு அச்சுகள், மூன்று மூன்றாக இரண்டு போகிகளில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் மலாய்ப் பெயர் சூட்டப்பட்டது. சரக்கு, பயணிகள் என்ற பேதமின்றி எல்லா வண்டியையும் இழுத்தது. பெரும் பழுதுகளுக்கு மலாயா எஞ்சின்கள் போய்ச் சேர்ந்த இடம் கோலாலம்பூரின் செந்தூல் பட்டறை.

அந்தப் பட்டறை 1905இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்காக எழுந்தது. உச்சக் காலத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். தமிழர்கள் அதில் பெரும்பங்கு. செந்தூல் தமிழர் பேட்டையானதற்கு முதற்காரணம் பட்டறையும் அதையொட்டிய ரயில்வே குடியிருப்புகளுமே. மற்றவை பிறகு வந்தவை. ஜப்பானியர் காலத்தில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், அமெரிக்காவின் பி-29 விமானங்கள் இதைக் குண்டு வீசித் தகர்த்தன. போர் முடிந்ததும் பட்டறை மீண்டும் கட்டப்பட்டது.

மலாயாவுக்கு டீசல் வந்தது 1948இல். அப்போது வந்த 15ஆம் வகுப்பு, யார்டில் ஷண்டிங் செய்யும் சிறிய எஞ்சின். 350 குதிரைத்திறன், மூன்று அச்சு. அதையும் செய்தது இங்கிலீஷ் எலெக்ட்ரிக்தான். நெடும்பாதையில் நீராவி எஞ்சின்களே ஆண்டன. மலாயா விடுதலை பெற்ற அதே 1957இல் 20ஆம் வகுப்பு வந்திறங்கியபோதுதான் அந்த ஆட்சி ஆட்டங்கண்டது. பட்டறைக்கு இது வெறும் எஞ்சின் மாற்றமாக இருக்கவில்லை. கொதிகலனும் நெருப்புக்குழாயும் அறிந்த கைகளுக்கு ஜெனரேட்டரும் மோட்டாரும் வந்து சேர்ந்தன: டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் அச்சு மோட்டார்கள் ஓடும்; எண்ணெய் எரிந்தாலும் சக்கரத்தைத் திருப்புவது மின்சாரம். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலைக்கு இதில் இடமே இல்லை.

இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் இந்த எஞ்சின்கள் உருவான வல்கன் ஃபவுண்டரி என்ற தொழிற்சாலை, இங்கிலாந்தின் நியூட்டன்-லெ-வில்லோஸ் ஊரில் 1830இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலான 1853ஆம் ஆண்டு பம்பாய்–தானா வண்டியை இழுத்த எஞ்சின்களும் அங்கிருந்து வந்தவையே.

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேக்கும் ஒரு 20ஆம் வகுப்பு உண்டு. அதே நிறுவனம், அதே தொழிற்சாலை, அதே 1957. ஆனால் அது வேறு எஞ்சின். 1,000 குதிரைத்திறன், நான்கு அச்சு, எட்டு சிலிண்டர். மலாயாவினுடையது பன்னிரண்டு சிலிண்டர். 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த சிலிண்டர் மட்டும் இரண்டுக்கும் பொது. கணக்குப் போட்டால் தலைக்கு 125 குதிரைத்திறன். ஆக இவை ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி. பிரிட்டனில் 1968 வரை 228 செய்தார்கள்.

பொம்மை உலகில் ஜெயித்தது தம்பிதான். ஹார்ன்பி டப்ளோ 1958லேயே பிரிட்டிஷ் எஞ்சினை லிவர்பூலில் சிறுவடிவ மாடலாக வார்த்தது. பிறகு பாக்மன் போன்றவை தொடர்ந்தன. மலாயா எஞ்சினை விரும்பும் மாடல் பிரியர் பெரும்பாலும் தாமே அறுத்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டியிருக்கிறது. அளவும் இடிக்கும். பிரிட்டிஷ் ஓஓ அளவில் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர். அதன்படி மலாயாவின் மீட்டர் பாதைக்கு 13.1 மில்லிமீட்டர் அகலம் தேவை. கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். 1:87 அளவில் செய்தால் 11.5 வரும், அதுவே நெருக்கம்.

1971இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் வழியிலேயே 22ஆம் வகுப்பு 40 எஞ்சின்களோடு வந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கம் அதோடு சரி. 1983இல் ஹிட்டாச்சியின் 23ஆம் வகுப்பு ஜப்பானிலிருந்தும், 2005இல் 29ஆம் வகுப்பு சீனாவின் டாலியனிலிருந்தும் வந்தன. இதில் மலேசியா மட்டும் தனித்து நிற்கவில்லை: இன்றைய பிரிட்டனின் சரக்கு வண்டிகளைப் பெருமளவில் இழுக்கும் 66ஆம் வகுப்பே பெரும்பாலும் கனடாவில் செய்யப்பட்டதுதான். வல்கன் ஃபவுண்டரி எஞ்சின் கட்டுவதை 1970இல் நிறுத்தி, 2002இல் மூடப்பட்டது.

செந்தூலில் 1995இல் மின்சாரக் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 2010இல் அது பத்துமலை வரை நீண்டது. பட்டறை வேலை பேராக்கின் பத்து காஜாவுக்கு மாற, பழைய ரயில்வே நிலத்தின் ஒரு கட்டடம் 2005 முதல் கோலாலம்பூர் கலையரங்கமாக இயங்குகிறது. மாடல் செய்ய முனைவோருக்கு ஒரு சொல்: பெட்டியில் ‘20ஆம் வகுப்பு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அச்சுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது செந்தூலுக்கு வந்ததில்லை.