பேசா ஒலிவாங்கி

கொழும்பில் வானொலி எழுந்தது 1925இல். அதற்கு முன்னரே, 1916இல், அமெரிக்காவில் வென்ரே என்பார் கொண்டென்சர் ஒலிவாங்கியை ஆக்கினார். ஒலிபட்டு மெல்லிய தகடு அதிர, நுண்ணிய மின்மாற்றம் பிறக்கும். அதனை உள்ளிருக்கும் வால்வு ஏற்றுக்கொள்ளும். அவ்வால்வுக்குத் தனி மின்பெட்டி வேண்டும். ஜெர்மனியின் நோய்மான் நிறுவனத்தார் 1949இல் ஆக்கிய யூ 47 இவ்வகையினது. 1966இல் அவர்களே, ஒலிக்கம்பி வழியே 48 வோல்ற் செலுத்தும் திரான்சிஸ்ரர் முறையைக் கொணர்ந்தனர்.

ஆதலின், யாழ்ப்பாணத்துச் சபையொன்றின் அலுமாரியில் பழைய ஒலிவாங்கி கிடைப்பின், நாம் முதலிற் பெயர்த்தகட்டையும் செருகியின் ஊசிகளையும் நோக்குவோமாக. ஊசிகள் மூன்றுக்கு மேற்படின் பெரும்பாலும் அது வால்வுடையது. 48 வோல்ற்றிற் பேசாது. அதற்குரிய பெட்டியைத் தேடுதல் வேண்டும். பேசாமையாற் பழுதென்று எறிவோமாயின், மூத்தோர் குரலைக் கேட்ட செவியையே எறிந்தவராவோம்.