ஒரே பெயர், வேறு சின்னம்

2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழை தொகுதியில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.எஸ். மனோஜ். அதே தேர்தலில் வி.எஸ். சுதீரன் என்றொரு சுயேச்சையும் நின்றார். அவருக்கு விழுந்தவை 8,282 வாக்குகள். அத்தனையும் ஆள் மாறி விழுந்தவை என்று யாரும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அதில் எட்டில் ஒரு பங்கு மாறியிருந்தாலே முடிவு தலைகீழாகியிருக்கும்.

எதிராளியின் பெயரிலேயே ஆள் தேடிப்பிடித்து நிறுத்துவது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1982-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஹில்ஹெட் இடைத்தேர்தலில் முன்னாள் பிரிட்டிஷ் அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் நின்றபோது, இன்னொருவர் தன் பெயரையே ராய் ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டு வேட்புமனு போட்டார். உண்மையான ஜென்கின்ஸ் ஐந்தாம் இடத்தில் இருப்பவர் என்று எழுதிய அட்டைகளோடு கட்சிக்காரர்கள் வாக்குச்சாவடி வாசலில் நின்றார்கள். போலிக்கு 282 வாக்குகள்தான் கிடைத்தன, அசல் ஜெயித்துவிட்டார்.

இங்கே சட்டம் இதை முன்பே யோசித்திருந்தது. ஒரே பெயரில் இருவர் நின்றால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்கின்றன 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள். இன்னொரு தடுப்பு வாக்குச்சீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. பெரிய கட்சி வேட்பாளர் மேலே தனியாக நிற்பார். அவர் பெயர்க்காரர்கள் கீழே சுயேச்சைகளோடு போய்விடுவார்கள். ஆகவே கட்சிக்காரருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு.

ஓரளவுதான். 2014-ல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் பா.ஜ.க.வின் சந்துலால் சாகுவுக்கு எதிராக ஒரு சாகு பட்டாளமே சுயேச்சையாக இறங்கியது. காங்கிரஸின் அஜித் ஜோகியை அவர் வென்றது வெறும் 1,217 வாக்குகளில். மறு ஆண்டே வேட்பாளர் படத்தையும் அச்சிடத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது; 2015 மே மாதத்துக்குப் பிறகு வந்த தேர்தல்களில் பெயருக்கும் சின்னத்துக்கும் இடையே ஒரு முகம் வந்து உட்கார்ந்தது.

படம் வந்தபின்னும் வம்பு ஓயவில்லை. 2016-ல் மஞ்சேஸ்வரத்தில் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். அங்கே நின்ற கே. சுந்தராவுக்கு 467 வாக்குகள் விழுந்திருந்தன.

கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கும் பெரிய தலைக்கு மேலே சொன்ன பாதுகாப்பும் கிடையாது. 2024-ல் ராமநாதபுரத்தில் அது நடந்தது. மூன்று முறை முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், கட்சியின் இரட்டை இலைச் சின்னம் கைவிட்டுப்போன நிலையில் சுயேச்சையாக நின்றார். கூடவே இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள், இனிஷியல் உட்பட! அகரவரிசை எல்லாரையும் ஒரே கொத்தாகச் சேர்த்துவிடும். தந்தை பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும் தமிழ்நாட்டு வழக்கம் இந்த வேலைக்கு ரொம்பவும் தோது. முன்னாள் முதல்வரின் சின்னமான பலாப்பழத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை வாக்காளர் தலையில் விழுந்தது. ஆனாலும் அவர் 3.42 லட்சம் வாக்குகள் பெற்று இரண்டாமிடம் வந்தார். முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி ஜெயித்த வித்தியாசம் 1.66 லட்சத்துக்கும் மேல். அந்த ஐவரால் முடிவு மாறியது என்று சொல்ல இடமில்லை.

அந்தத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 மே மாதம், பெயர் ஒத்த வேட்பாளர்களுக்குக் கடிவாளம் போடக் கோரிய பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்றோர் ராகுல் காந்தி என்றோ லாலு பிரசாத் யாதவ் என்றோ பெயர் வைத்துவிட்டால் அதற்காகப் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. கேள்வி வெறும் கற்பனையும் அல்ல: 2019-ல் வயநாட்டில் ராகுல் காந்தி நின்றபோது அதே பெயரில் வேறு இருவரும் களத்தில் இருந்தார்கள். அவர் நாலு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்ததால் அவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.